படமும் சொல்லும்: சிறுவர் படநூல்களின் தமிழ் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

திருமறை மொழிபெயர்ப்பு, கீர்த்தனை, இலக்கணம், அகராதி ஆகிய துறைகளில் திருச்சபை ஆற்றிய தொண்டினைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். எழுத்தறியாக் குழந்தையின் கையில் கொடுக்கப்படும் படநூலைப் பற்றி எழுதியோர் அரியர். அது மிகச் சிறிய பொருள் என்று கருதப்படுவதே இதற்குக் காரணமாகலாம். ஆயின், "ஆடு" என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்த ஆடு மனத்தில் தோன்றுகிறது, யாரை "அவன்" என்று சொல்லலாம், யாரை "அவர்" என்றே சொல்லவேண்டும் என்பவற்றை எவரும் இறையியற் கல்லூரியில் கற்பதில்லை. ஆறு வயதிற்குள் கற்று முடித்துவிடுகின்றனர். பின்னர் நாம் பிரசங்க பீடத்தில் நின்று சொல்லும் சொற்களெல்லாம் அந்த முதற்படங்களின்மேல்தான் சென்று விழுகின்றன. சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஊர்களையும் ஞாயிறு பள்ளிகளையும் கண்முன் வைத்துக்கொண்டு, படநூல்களின் மொழி நம்மிடையே எவ்வாறு உருவாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பேராயர் ஒருவரின் படநூல்

ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்றே ஆக்கப்பட்ட படநூல்களுள் முதன்மையானதாகப் போற்றப்படுவது, 1658-ல் நியூரம்பர்க் நகரில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் அச்சான "ஓர்பிஸ் பிக்டுஸ்" என்பதாகும். அதன் ஆசிரியர் கொமேனியுஸ் (1592–1670) ஒரு பேராயர் என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்வது நன்று. அவர் போகேமிய சகோதரர் சபையைச் சேர்ந்தவர். முப்பதாண்டுப் போரினால் நாடிழந்து அலைந்தவர். பொருளைக் கண்ணால் காட்டாமல் சொல்லை மட்டும் மனனம் செய்விப்பது குழந்தைக்கு இழைக்கும் கொடுமை என்பது அவர்தம் கொள்கை. ஆகவே ஒவ்வொரு படத்திலும் பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்ணுக்குரிய பெயரைக் கீழே இருமொழிகளிலும் தந்தார்.

அந்நூலின் தொடக்கத்தில் எழுத்துகள் கற்பிக்கப்படும் முறை நம் கவனத்திற்குரியது. எழுத்து ஒவ்வொன்றும் ஓர் உயிரினத்தின் குரலோடும் ஒலியோடும் இணைக்கப்படுகிறது. முதலெழுத்துக்குக் காகம் வருகிறது. ஆனால் கொமேனியுஸின் காகம் "ஆ ஆ" என்று கத்துகிறது. நம் குழந்தையின் காகமோ "கா கா" என்று கரைகிறது. ஜெர்மானியச் சேவல் "கிகெரிகீ" என்கிறது. ஆங்கிலச் சேவல் "காக் எ டூடில் டூ" என்கிறது. நம் சேவல் "கொக்கரக்கோ" என்கிறது. பறவை ஒன்றே, அதைக் கேட்கும் செவிகள் வேறு. இயற்கையின் குரலையே நேரே எழுதிவிட்டதாக எண்ணும் இடத்திலும் மனிதன் தன் மொழியின் வழியாகவே கேட்கிறான் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

தமிழோ இத்துறையில் மிகவும் கண்டிப்புடைய மொழி. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், நாய் குரைக்கும். மாற்றிச் சொன்னால் மரபு வழு. உயிர்களின் இளமைக்கு மட்டும் தொல்காப்பியத்தின் மரபியல் ஒன்பது பெயர்களைத் தருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட படநூலொன்றைத் தமிழாக்க முற்படுவோர், பத்துப் பக்கங்களில் ஐம்பது சொற்கள் மட்டுமே உள்ளதென்று எளிதாக நினைத்துத் தொடங்கி, கன்றா, குட்டியா, குஞ்சா, பிள்ளையா என்று முதற்பக்கத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

நம் திண்ணைப் பள்ளிகளில் படநூல் இல்லை. சிறுவன் மணலில் விரலால் எழுதினான், பின்னர் ஓலை. அவனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் நூல்கள் ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். அவற்றில் எழுத்து ஒரு பொருளோடு இணையவில்லை. ஓர் அறிவுரையோடு இணைகிறது. உயிரெழுத்தின் வரிசையிலேயே ஒழுக்கமும் வரிசையாக நிற்கிறது. இதனைக் கீழைநாட்டுக்கே உரிய முறை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குடியேற்றங்களில் தோன்றிய "நியூ இங்கிலாந்து பிரைமர்" என்னும் அரிச்சுவடியும் முதலெழுத்தை ஆதாமின் வீழ்ச்சியைக் கொண்டே கற்பித்தது. எழுத்துக்கு எதிரே அணிலையும் ஆட்டையும் நிறுத்துவது எங்கும் பிற்பட்டே பரவிய வழக்கம்.

தரங்கம்பாடியிலிருந்து நெல்லைக்கு

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழெழுத்துக் கற்ற வரலாறு நாம் அறிந்ததே. ஐரோப்பியர் ஒருவர் நம் குழந்தைகளின் முறையில் கற்றார் என்பதே அதன் சிறப்பு. பின்னர் நிலை தலைகீழாயிற்று: நம் குழந்தைகள் ஐரோப்பியர் முறையில் கற்கத் தொடங்கினர். 1713-ல் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது. ரேனியுஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் நெல்லைச் சீமையில் பள்ளிகள் பெருகின. 1840-ல் நாகர்கோவிலிலிருந்து "பாலதீபிகை" என்னும் சிறுவர் இதழ் வெளிவந்தது. இவ்வாறு தென்கோடியிலேயே சிறுவர்க்கான தமிழ் அச்சு முளைவிட்டது.

ஆயினும் படத்தைப் பள்ளிக்கூடத்துச் சரக்காக்கியதில் பெரும்பங்கு 1858-ல் தோன்றிய கிறிஸ்தவ சுதேச மொழிக் கல்விச் சங்கத்திற்கு உண்டு. 1857-ம் ஆண்டின் கிளர்ச்சிக்குப்பின் நிறுவப்பட்ட அச்சங்கத்தின் தூணாக விளங்கியவர் ஜான் மர்டாக். இலங்கையில் பணியாற்றி இந்தியாவுக்கு வந்தவர். 1865-ல் தமிழ் அச்சுநூல்களின் வகைப்படுத்திய அட்டவணையை வெளியிட்டவர். பள்ளிப் பாடநூல்களை மலிவாக அச்சிட்டு ஊர்தோறும் பரப்புவதே அச்சங்கத்தின் முதல் வேலையாக இருந்தது. 1891-ல் அது கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் மாறிற்று. மிஷன் அச்சகங்களின் படக்கட்டைகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து பெற்றவை. புதிதாகச் செதுக்குவதைவிட வந்த கட்டையைப் பயன்படுத்துவது மலிவு. எனவே எழுத்து தமிழாகவும் படம் ஆங்கிலமாகவும் ஒரே பக்கத்தில் குடியிருக்க நேர்ந்தது. ஏழைகளுக்கு நூல் எட்டவேண்டும் என்ற நல்லெண்ணத்தினால் நிகழ்ந்தது இது. ஆகவே அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை.

சங்கரநயினார்கோவில் என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் இவ்வட்டாரத்தை உள்ளிட்ட வடநெல்லையில், 1854-ல் ராக்லண்ட் ஐயரும் உடனூழியரும் கூடாரமடித்துச் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினர். தென்நெல்லையின் பனங்காட்டுச் சபைகளைப்போல் அடர்ந்த சபைகள் இங்கு எழவில்லை. கரிசலும் செவலும் கலந்த மானாவாரிப் பூமி, பருத்தி, பயறு, ஊருக்குள் தறி. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. நகரின் நடுவே, வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக ஓருருவில் நிற்கும் சங்கரநாராயணர் கோவில். இருவருள் பெரியவர் யார் என்ற வாதத்திற்கு ஏட்டினால் அன்றி உருவினால் விடை சொன்ன ஊர் இது என்பதை நம் பொருளோடு சேர்த்து எண்ணலாம்.

செம்மறியும் வெள்ளாடும்

இவ்வூர்களுக்குள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து சேர்ந்தவை வேதப்படச் சுருள்களும் பட அட்டைகளும். ஹரால்ட் காப்பிங் (1863–1932) என்னும் ஆங்கில ஓவியர் பாலஸ்தீனா சென்று உடையையும் ஊரையும் பார்த்துவந்து வரைந்த படங்கள் 1910-ல் வேதாகமத்தோடு சேர்ந்து வெளிவந்தபின், உலகெங்கும் மிஷன் ஞாயிறு பள்ளிகளில் அவரே கண்கண்ட சுவிசேஷகரானார் எனலாம். நல்ல மேய்ப்பன் என்றால் நம் சபையாருக்கு இன்றும் மனத்தில் எழுவது அத்தகைய ஓவியர்கள் தந்த உருவமே: வெண்மையான அடர்ந்த கம்பளி ரோமமுடைய ஆடுகள், முன்னே கோலோடு நடக்கும் மேய்ப்பன், பின்னே பசும்புல்.

இப்படத்தின்கீழ் நாம் எழுதிய சொல் "செம்மறியாடு". சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: செம்மை, மறி. நிறமே பெயராயிற்று. கரிசற்காட்டு ஆடுகளுள் கீழக்கரிசல் என்னும் இனம் கருஞ்சிவப்பு உடலும் கரிய அடிவயிறும் உடையது. வேம்பூர் ஆட்டின் வெள்ளையுடலிலும் செந்நிறத் திட்டுகள் உண்டு. இரண்டிற்கும் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். "வெள்ளாடு" என்னும் சொல்லிலோ வெண்மை இருக்கிறது. அப்பெயருடைய ஆடு நம் தெருக்களில் பெரும்பாலும் கறுப்பாகத் திரிகிறது. ஆகவே வெண்கம்பளி ஆட்டின் படத்தை ஐந்து வயதுக் குழந்தையிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால், சொல்லை நம்பும் குழந்தை "வெள்ளாடு" என்கிறது, கண்ணை நம்பும் குழந்தை "நாய்" என்கிறது. கம்பளி மயிரடர்ந்த விலங்கு அதற்கு வேறொன்றும் தெரியாது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைச் சிரித்துக்கொண்டே நம்மிடம் சொல்வதுண்டு. ஆனால் மத்தேயு 25-ம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பே இவ்விரு ஆடுகளைப் பிரிப்பதில் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். பாலஸ்தீனாவில் செம்மறி பொதுவாக வெள்ளை, வெள்ளாடு கறுப்பு; இரவில் பிரிக்கும் மேய்ப்பனுக்கு நிறமே உதவி. நம் சொற்களின் நிறமோ எதிர்த்திசையில் ஓடுகிறது. வலப்பக்கத்தவர் வெண்மையானவர், இடப்பக்கத்தவர் கரியவர் என்று படம் ஒரு பாடத்தைத் தானாகவே கற்பித்துவிடுகிறது. கரிய நிறமுடைய நம் பிள்ளைகள் அதனை எவ்வாறு வாங்கிக்கொள்கின்றனர் என்று ஓவியரும் கேட்கவில்லை, அச்சிட்டவரும் கேட்கவில்லை.

மேய்ப்பனின் தொழிலும் அவ்வாறே. நம் பழைய திருப்புதலில் ஆடுகள் இரவில் தங்குமிடம் "தொழுவம்". நெல்லைச் சிற்றூரில் தொழுவம் என்றால் மாடு கட்டும் கொட்டகை. ஆடுகள் தங்குவது கிடையில். அறுவடை முடிந்த புஞ்சையில் மந்தையை இரவில் மடக்கி வைக்கின்றனர்; புழுக்கையும் நீரும் நிலத்திற்கு உரம்; கிடை போட்டதற்கு நிலத்துக்காரர் கூலி தருகிறார். மேய்ப்பன் திறந்த வெளியில் மந்தையோடு படுத்துக்கிடக்கிறான். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) "கிடை" என்ற பெயரிலேயே ஒரு கதை எழுதியிருக்கிறார். கரிசல் வட்டாரத்தின் சொற்களைத் தொகுத்து அகராதியும் செய்தார். யோவான் 10-ம் அதிகாரத்தைக் கிடையின் படத்தோடு ஒரு குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுப்பவர் கொட்டகைக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரராக அல்ல, பனியிலும் மந்தையின் நடுவே கிடப்பவராகத் தோன்றுவார்.

பிற சொற்களை விரைந்து கடந்து செல்வோம். உறைபனி காணாத நாட்டில் நம் மொழிபெயர்ப்பாளர் "உறைந்த மழை" என்று ஆக்கிக்கொண்டனர். படமின்றிக் கேட்டால் விந்தையான, அழகான சொல். படத்தோடு பார்த்தால் கல்மழையாகிவிடுகிறது. "அப்பம்" என்ற சொல்லின்கீழ் அடுப்பில் வெந்த ரொட்டியின் படம். நம் குழந்தைக்கோ அப்பம் என்றால் வெல்லமிட்ட பண்டமோ ஆப்பமோதான். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் என்றால், மீனோடு இனிப்பை எப்படித் தின்றார்கள் என்று கேட்கும் குழந்தை நியாயமான கேள்வியே கேட்கிறது.

ஒரே படம், பல மொழிகள்

விடுதலைக்குப்பின் படநூல் நம் நாட்டார் கைக்கு வந்தது. 1950-ல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிற்று, அழ. வள்ளியப்பா (1922–1989) அதன் உயிராக இருந்தார். டில்லியில் 1957-ல் குழந்தைகள் புத்தக டிரஸ்டும் நேஷனல் புக் டிரஸ்டும் அமைந்தன. பின்னது வெளியிட்ட நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே படங்கள் பல மொழிகளுக்கும் பொதுவாயின. மொழி மட்டும் மாறும். இதனால் விலை குறைந்தது. ஆனால் படம் முன்னரே முடிவாகிவிடுவதால், சொல் அதற்குப் பணிந்து நடக்கவேண்டியதாயிற்று. மர்டாக் காலத்துப் படக்கட்டையின் கதையே வேறு வடிவில் திரும்ப நிகழ்ந்தது என்றால் மிகையன்று. இம்முறை படம் இலண்டனிலிருந்து வராமல் டில்லியிலிருந்து வந்தது, அவ்வளவே.

அதே காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக வந்த சோவியத் படநூல்களை நம் தலைமுறையினர் மறக்க இயலாது. வழவழப்பான தாள், கரடி, வெண்பனி, மரவீடு. கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்நூல்கள் போதகர் வீட்டுத் திண்ணையிலும் கிடந்தன. விலை அத்தனை குறைவு. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அவை நின்றன. அவற்றிலிருந்து ஒன்று கற்கலாம்: அயல்நாட்டுப் படத்தை அயல்நாட்டுப் படமென்றே குழந்தை அறிந்து மகிழ்ந்தது. அது கெடுதல் செய்யவில்லை. வேதப்படம் மட்டும் "இதுவே பரிசுத்தத்தின் தோற்றம்" என்று வந்ததால்தான் சிக்கல். இந்தியக் கிறிஸ்தவ ஓவியர் ஆல்ஃபிரட் தாமஸ் வரைந்த கிறிஸ்துவின் வாழ்க்கைப் படங்கள் 1948-லேயே இங்கிலாந்தில் நூலாக வெளிவந்தும், நம் ஞாயிறு பள்ளிச் சுவர்களில் அவற்றைக் காண்பது அரிது. நம் சபையார் இந்திய முகமுடைய இயேசுவைக் கண்டு ஐயுற்றனர். ஆங்கில முகத்தைக் கண்டு ஐயுறவில்லை.

அண்மைக் காலத்தில் சென்னையில் தாரா (1994), தூலிகா (1996) முதலிய பதிப்பகங்கள் தமிழ் மண்ணின் படங்களோடு நூல்கள் வெளியிடுகின்றன. 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் இணையவழி பன்மொழிப் படக்கதைகளை இலவசமாகவே தருகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களைப் பகுத்தது. இப்பெயர்களையே ஒரு குழந்தை வாசித்துவிடும் என்பது அதன் நயம். திருச்சபையின் படநூல்கள் இவற்றோடு ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலப் படத்தில் தமிழ் ஒட்டியவையே.

சகோதரன் என்பவன் யார்?

ஆங்கிலத்தில் உடன்பிறந்தானுக்கு ஒரே சொல். தமிழ் வீட்டில் அப்படியொரு சொல் இல்லை. அண்ணன் உண்டு, தம்பி உண்டு. அக்காள் உண்டு, தங்கை உண்டு. "சகோதரன்" என்பது வீட்டில் யாரும் யாரையும் அழைக்காத சொல்; சபையிலும் மேடையிலும் வழங்குவது. பெரியோர்க்கான மொழிபெயர்ப்பில் அச்சொல் உதவுகிறது. மூத்தவர் யார் என்று மூலம் சொல்லாத இடத்தில் நாமும் சொல்லாமல் தப்பலாம். மூன்று வயதுக் குழந்தைக்கான படநூலில் அது உதவாது. குழந்தை கேட்கும்: அண்ணனா, தம்பியா?

சில இடங்களில் திருமறையே விடை தருகிறது. பார்வோனிடம் பேசியபோது மோசேக்கு வயது 80, ஆரோனுக்கு 83. ஆகவே ஆரோன் அண்ணன். நாணற்பெட்டியைக் காத்து நின்ற பெண்பிள்ளையை அக்காள் என்றே சொல்லலாம். யோசேப்பை விற்றவர்கள் அண்ணன்மார். பேதுருவும் அந்திரேயாவும் எப்படி? மூலம் வாய்திறக்கவில்லை; ஆனால் படநூல் எழுதுவோர் திறந்தாகவேண்டும். மார்த்தாள் தன் வீட்டில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள் என்று லூக்கா எழுதுவதால் அவளை அக்காள் ஆக்குகின்றனர். அவ்வாறு ஆக்கியவுடன் நம் குழந்தை கதையை வேறுவிதமாகக் கேட்கிறது: அக்காள் அடுப்படியில் வேலை செய்யும்போது தங்கை உட்கார்ந்திருக்கிறாள். நம் வீட்டில் நடக்கக்கூடாத ஒன்று. ஆண்டவர் தங்கையின் பக்கம் பேசுவது அப்போதுதான் அதன் முழு அதிர்ச்சியோடு விளங்குகிறது.

எலிசபெத்து மரியாளுக்கு உறவினள் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். பழைய திருப்புதல் "இனத்தாள்" என்று நுட்பமாகச் சொன்னது. படநூலில் இதனைப் பெரியம்மா என்றால் யோவான் இயேசுவுக்கு அண்ணன் முறை. அத்தை என்றால் அத்தான் முறை. தமிழன் உறவைச் சொல்லும்போதே யார் யாரை மணக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். யூதேயாவின் மலைநாட்டில் அதற்கு இடமில்லை.

ஆயினும் இழப்பு மட்டுமே என்று எண்ணற்க. கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொள்வோம். மூத்தவன் தகப்பனிடம் பேசும்போது, திரும்பி வந்தவனைத் தன் உடன்பிறந்தானாகச் சொல்லாமல் உம்முடைய மகன் என்கிறான். தகப்பனோ மறுமொழியில் உன் உடன்பிறந்தான் என்று திருத்துகிறார். பெரியோர் பைபிளில் இவ்வேறுபாட்டை நம் மாணவர்க்கு விளக்கிக் காட்டவேண்டியிருக்கிறது. தமிழ்க் குழந்தையின் படநூலில் "தம்பி" என்ற ஒரு சொல் இதைத் தானே செய்கிறது. அண்ணன் "தம்பி" என்று சொல்ல மறுக்கிறான். அப்பா "உன் தம்பி" என்கிறார். தம்பி என்ற சொல்லில் பாதுகாக்கும் கடமை அடங்கியிருப்பதை ஐந்து வயது அண்ணன் அறிவான். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டே கதை கேட்கிறவன் அவன். லூக்காவின் கிரேக்கத்தில் இல்லாத கூர்மை நம் சொல்லில் இருக்கிறது என்பது நம் துணிபு.

இங்கு வட்டாரமும் நுழைகிறது. படநூலில் "பாட்டி". நெல்லைக் குழந்தையின் வீட்டில் "ஆச்சி". தெலுங்கு பேசும் வீட்டில் "அவ்வா". ஒரே வகுப்பில் மூவரும் இருப்பர். எந்தச் சொல்லை அச்சிடினும் இருவர்க்கு அது புத்தகச்சொல். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளின் கதையைச் சொல்லும் ஆசிரியை, அச்சிட்ட சொல்லை விட்டு மூன்றையும் சொல்லிவிடுகிறார். அச்சிடுவோர்க்கு இவ்வழி வாய்க்காது.

அவன், அவர், அது

எல்லாவற்றினும் ஆழமானது வினைமுற்றின் ஈறு. ஆங்கிலத்தில் அரசன் வந்தாலும் ஆண்டி வந்தாலும் வினை ஒன்றே. தமிழில் வந்தார், வந்தான் என்று சொன்னவுடன் வந்தவரின் மதிப்பு முடிவாகிவிடுகிறது. நம் பழைய அரிச்சுவடிகளிலும் முதல் வாசகங்களிலும் தொழில்களைப் படம் காட்டிக் கற்பிக்கும் பக்கமொன்று வழக்கமாக இருந்தது. ஆசிரியர் பாடம் சொல்கிறார். மருத்துவர் மருந்து கொடுக்கிறார். ஆனால் துணி வெளுப்பவர் வெளுக்கிறான். செருப்புத் தைப்பவர் தைக்கிறான். தொழிற்பெயரும் சாதிப்பெயரும் ஒன்றாகவே நின்றன. எழுதியவர்க்குத் தீய எண்ணம் இருந்திராது. அன்றைய பேச்சு அப்படி. அப்பக்கத்தை வாசித்த பிள்ளைகளுள் துணி வெளுப்பவரின் மகனும் ஒருவன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த அன்றே தன் தகப்பனை "-ஆன்" என்று உரக்க வாசிக்க அவன் கற்பிக்கப்பட்டான். நம் சபைகள் பெரும்பாலும் அத்தகைய தகப்பன்மாராலும் தாய்மாராலும் ஆனவை. அரசின் பாடநூல்கள் இவ்வழக்கத்தைக் காலப்போக்கில் களைந்தன.

திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு இதில் ஒரு வியப்பான நிலையை மேற்கொண்டது. பவர் ஐயர் தலைமையில் 1871-ல் வெளிவந்த திருப்புதலில் கடவுளுக்கும் கிறிஸ்துவுக்குமே "அவர்". ஏனையோர் பொதுவாக அனைவரும் "அவன்". தாவீது ராஜா அவன், பிலாத்து அவன், பவுல் அப்போஸ்தலன் அவன், வழியருகே அமர்ந்த குருடனும் அவன். இக்காலத்தார்க்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அதிலொரு நீதி இருந்தது: கடவுள்முன் அரசனும் ஆண்டியும் ஒரே ஈற்றில் நின்றனர். 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வேறு வழியில் அதே நீதியை நாடி, எளியோர்க்கும் "அவர்" என்ற மதிப்பைப் பரவலாக வழங்கிற்று. இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஏற்கத்தகாதது, நாம் பார்த்த சில ஞாயிறு பள்ளிப் படநூல்களின் கலப்பு முறை. அவற்றில் தாவீது வந்தார், சாலொமோன் வந்தார், நூற்றுக்கதிபதி வந்தார். குஷ்டரோகி வந்தான், பிச்சைக்காரன் வந்தான், ஆயக்காரன் வந்தான். பழைய மொழிபெயர்ப்பிலும் இல்லாத, புதியதிலும் இல்லாத ஏணியொன்று குழந்தைகளின் நூலில் மட்டும் வந்து சாத்தப்பட்டுள்ளது. கூடாரத் துணி தைத்துப் பிழைத்த பவுலுக்கு "தைத்தார்" என்று எழுதுகிற கை, தெருவோரத்தில் தைப்பவருக்கு "தைத்தான்" என்று எழுதுமானால், முன்னதில் மதிக்கப்படுவது உழைப்பன்று.

ஜெபத்தின் மொழியைப் பற்றி ஒரு சொல். நாம் கடவுளை "நீர்" என்கிறோம். சைவத் திருமுறைகள் இறைவனை "நீ" என்றே பெரும்பாலும் அழைத்தன. "நீர்" என்பது வேறெங்கும் வழங்காத கோவில்மொழி என்று சென்னையிலிருந்து எழுதுவோர் சொல்வர். நெல்லையில் அது உண்மையன்று. சங்கரன்கோவில் தேநீர்க்கடையில் ஒத்த வயதினர் இருவர், "நீரு வாரும் ஓய்" என்று பேசிக்கொள்வதை எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். ஆகவே இவ்வூர்ப் பிள்ளையின் செவியில் ஜெபத்தின் "நீர்" தூரத்துச் சொல்லன்று, நண்பர்களின் சொல். இத்தற்செயலான வாய்ப்பை நம் எழுத்தாளர் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

இறுதியாக, கிறிஸ்துமஸ் படநூல். தமிழில் "குழந்தை" என்ற சொல் அஃறிணை முடிபு ஏற்பது இயல்பு: குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது, அது தூங்குகிறது. இதில் இகழ்ச்சியில்லை, கொஞ்சுதல் உண்டு. முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு எந்த ஈறு? நம் படநூல்களில் பெரும்பாலும் "குழந்தை இயேசு பிறந்தார், கிடந்தார்". அழும் இடம் வரும்போது மட்டும் நூல் தயங்குகிறது. "அழுதார்" என்று எழுத எழுத்தாளரின் கை எழுவதில்லை. ஆகவே குழந்தை அழாமலேயே படம் முடிந்துவிடுகிறது. வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம், பசித்து அழாத குழந்தையொன்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறோம். ஆண்டவரின் உடல் வெறுந்தோற்றமே என்று சொன்னவர்களை ஆதித் திருச்சபை எதிர்த்தது. இங்கு அக்கொள்கை ஒரு வினைமுற்றின் வழியாக நுழைகிறது. நம் கிராமத்து ஆசிரியைகள் இதையும் தங்கள் வழியில் தீர்த்துவிடுகின்றனர். அச்சிட்ட பக்கத்தைக் காட்டி, "பாப்பா அழுதுச்சு, மரியம்மா தூக்கி வச்சுக்கிட்டாங்க" என்கின்றனர். மூன்று வயதுப் பிள்ளைகள் படத்தை எட்டிப் பார்க்கின்றன. பக்கத்தைத் திருப்பி, பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் நிற்கும் படம் வரும்போது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர்கள் "அவர்" என்று தொடங்குகின்றனர்.